தோட்டத்துச் சங்கத்துக்கு நீதித் துறைக் காசு: எங்கே இருக்கிறது, எப்படிக் கேட்பது?

இலங்கை மலையகத் தேயிலைத் தோட்டங்களில், டிவிஷன் எனப்படும் தோட்டப் பிரிவுகளில், புதிதாகச் சங்கம் தொடங்கும் இளைஞர்கள் அடிக்கடி கேட்பது இதுதான்: "டிவிஷனில் பொடியன்கள் போதைக்குப் போகிறார்கள், பள்ளிக்கூடத்தை விட்டு நிற்கிறார்கள். வீட்டுக்குள் அடிதடி. வழக்கு என்று வந்தால் யாரைப் பார்ப்பதென்றுகூடத் தெரியவில்லை. நாங்கள் ஏதாவது செய்யலாம் என்று இருக்கிறோம், அரசாங்கம் காசு கொடுக்குமா?"

கொடுக்கும். ஆனால் நீங்கள் நினைக்கிற மாதிரி கொடுக்காது.

அமெரிக்காவில் குற்றத் தடுப்பு, போதை மறுவாழ்வு, பாதிக்கப்பட்டோருக்கான உதவி போன்ற உள்ளூர் வேலைகளுக்கென்றே மத்திய அரசு மானியம் ஒதுக்கி, விண்ணப்பம் கோரி, மாநிலங்களுக்கும் நகரங்களுக்கும் பிரித்துக் கொடுக்கிறது. இணையத்தில் தேடினால் அந்த ஊர் ஆலோசனைகள்தான் வந்து குவியும். அதைப் படித்துவிட்டு ஆங்கிலத்தில் தடிப்பான ஒரு முன்மொழிவைத் தயாரித்துக்கொண்டு ஹட்டனிலும் பதுளையிலும் ஏறி இறங்கினால், அதை வாங்கி வைக்கக்கூட மேசை கிடைக்காது. இங்கே காசு பல திணைக்களங்களின் ஆண்டு ஒதுக்கீட்டுக்குள் சின்னச் சின்னத் துண்டுகளாகக் கிடக்கிறது. அதைச் செலவழிக்கும் அதிகாரம் உத்தியோகத்தரிடம். சங்கத்தின் பெயருக்குக் காசோலை வருவது அபூர்வம். வளவாளர் (வந்து பேசும், பயிற்றும் ஆள்), சாப்பாட்டுச் செலவு, பயிற்சி, உபகரணம், சில வேளை வேலைக்கு ஆட்கள் என்ற உருவில்தான் உதவி வரும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது மானியத்தை அல்ல. செலவழிக்க ஒதுக்கீடு வைத்துக்கொண்டு, எந்த ஊரில் செலவழிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கும் உத்தியோகத்தரை. கீழே வருவதெல்லாம் அவரைக் கண்டுபிடித்து, அவர் "சரி" என்று சொல்வதை எளிதாக்கும் வழிதான்.

முதலில், எந்தக் காசு எந்த மேசையில்?

நீதி, பொலிஸ், சிறைச்சாலை மூன்றும் மத்திய அரசின் கையில் இருக்கின்றன. நன்னடத்தையும் சிறுவர் பராமரிப்பும் 1987இன் 13ஆவது திருத்தத்தோடு மாகாணத்துக்கு வந்துவிட்டன. எனவே நுவரெலியா, கண்டி, மாத்தளைக்காரர்களுக்கு மத்திய மாகாணத் திணைக்களம். பதுளை, மொனராகலைக்கு ஊவா. இரத்தினபுரி, கேகாலைக்குச் சப்ரகமுவ. இது தெரியாமல் கொழும்புக்கு எழுதிவிட்டு மாதக்கணக்கில் பதிலை எதிர்பார்த்திருக்கும் சங்கங்கள் உண்டு.

ஊர் மட்டத்தில் முதலில் போக வேண்டிய இடம் பிரதேச செயலகம், அதாவது நம் ஆட்கள் இன்றும் ஏ.ஜி.ஏ. ஒபிஸ் என்று சொல்லும் இடம். அங்கே ஒரே கூரையின் கீழ் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர், மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தர், உளவளத்துணை உத்தியோகத்தர், சமூக சேவைகள் உத்தியோகத்தர் என்று பலர் இருப்பார்கள். ஆளுக்கொரு திணைக்களம், ஆளுக்கொரு சிறிய ஒதுக்கீடு, ஆண்டுக்குள் இத்தனை நிகழ்ச்சி நடத்த வேண்டும் என்ற இலக்கு. நிகழ்ச்சி நடத்த ஊர் வேண்டும், ஆட்கள் வேண்டும், மண்டபம் வேண்டும். மேல் டிவிஷன் வரை ஏறி ஆள் சேர்ப்பது அவர்களுக்குச் சிரமம் என்பதால், டவுனுக்குப் பக்கத்து ஊர்களிலேயே திரும்பத் திரும்ப நடத்திவிட்டுப் போவார்கள். உங்களுக்கான இடைவெளி அங்கேதான் இருக்கிறது.

சட்ட உதவி ஆணைக்குழு 1978ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் அமைந்தது. வசதியில்லாதவர்களுக்காக வழக்காடுவதோடு ஊர்களில் சட்ட விழிப்புணர்வு நிகழ்ச்சிகளும் நடத்துகிறது. பக்கத்து நிலையம் எது என்று நீதிமன்ற வளாகத்தில் கேட்டால் காட்டிவிடுவார்கள். சட்டத்தரணியை அவர்கள் அனுப்புவார்கள்; கூட்டத்தைச் சேர்ப்பது உங்கள் வேலை.

போதை சம்பந்தமான வேலை என்றால் 1984இல் தொடங்கிய தேசிய அபாயகர ஔடதங்கள் கட்டுப்பாட்டுச் சபை. கண்டியில் அதற்குச் சிகிச்சை நிலையம் இருக்கிறது. 1927 என்ற இலக்கத்தில் ஆலோசனை கேட்கலாம். ஆனால் நம் பக்கத்தில் பிரச்சினையில் பாதி கசிப்பு, அதாவது கள்ளச் சாராயம். அது கலால் திணைக்களமும் பொலிஸும் பார்க்கும் விடயம். சங்கம் துப்புக் கொடுக்கிற இடமாக மாறிவிட்டால் அதன் பிறகு ஒரு தாயும் மகனை உங்களிடம் கூட்டி வரமாட்டாள். தடுப்பும் சிகிச்சையும் உங்களுடையவை, பிடிப்பது அவர்களுடையது என்று ஆரம்பத்திலேயே பிரித்துவிடுங்கள்.

அதிகம் பேர் கவனிக்காத இடம் ஒன்று, சமுதாயஞ்சார் சீர்திருத்தத் திணைக்களம். 1999ஆம் ஆண்டின் 46ஆம் இலக்கச் சட்டப்படி, சிறிய குற்றங்களுக்குச் சிறைக்குப் பதிலாகச் சமுதாய வேலை செய்யும்படி நீதவான் கட்டளையிடலாம். கட்டளை பெற்றவர்கள் பொது இடங்களில் வேலை செய்ய வேண்டும். அந்த வேலையைத் தேடிக் கொடுப்பதும் மேற்பார்வை செய்வதும் திணைக்கள உத்தியோகத்தரின் பொறுப்பு. பாடசாலைக் கான் வெட்டுதல், வாசிகசாலைக்குச் சாயம் பூசுதல், மைதானம் துப்புரவு செய்தல் என்று பொது வேலையின் பட்டியல் ஒன்றோடு போனால் அவருக்கும் நிம்மதி. காசு வராது, கைகள் வரும். அதைவிடப் பெரிய நன்மை வேறு: நம் தோட்டத்துப் பையன் ஒருவன் கட்டளை பெற்றால், பஸ்ஸுக்குக் காசு செலவழித்து எங்கோ போய் அரைப் பேருக்கும் (அரை நாள் சம்பளத்துக்கும்) வழியில்லாமல் நிற்பதைவிட, ஊருக்குள்ளேயே கட்டளையை முடித்துவிட்டு வீடு திரும்பலாம்.

மத்தியஸ்த சபையிலும் காசு இல்லை. 1988ஆம் ஆண்டின் 72ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வரும் இந்தச் சபைகளில் இருப்பவர்கள் தொண்டர்கள். ஆனால் உறுப்பினர்களுக்குப் பெயர் பரிந்துரைக்கக் கோரும்போது, அரசியல் சாராத சங்கங்களும் ஆட்களைப் பரிந்துரைக்கலாம். பயிற்சியை நீதி அமைச்சு கொடுக்கும். ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், மரியாதையுள்ள பழைய கணக்கப்பிள்ளை ஒருவர் என்று இரண்டு பெயர்கள் கொடுத்தால், வேலிச் சண்டையும் கடன் தகராறும் தமிழில் பேசித் தீரும் இடம் ஒன்று கிடைக்கும். நூறு சுவரொட்டி அடிப்பதைவிட இது பெரிய காரியம் என்பது என் எண்ணம்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு உதவும் சட்டம் முதலில் 2015இல் வந்தது. 2023ஆம் ஆண்டின் 10ஆம் இலக்கச் சட்டம் அதன் இடத்துக்கு வந்தது. அதற்கென ஒரு தேசிய அதிகார சபையும் நிதியமும் உண்டு. அங்கே விண்ணப்பிப்பது பாதிக்கப்பட்ட ஆள்தான், சங்கம் அல்ல. படிவம் நிரப்பவும் ஆவணம் சேர்க்கவும் நீங்கள் துணை நிற்கலாம்.

கடைசியாகப் பிரதேச சபை. தெரு விளக்கு குற்றத் தடுப்பா என்று சிரிப்பார்கள். கொழுந்து மடுவத்திலிருந்து (கொழுந்து நிறுக்கும் கொட்டகை) லயத்துக்கு (தொழிலாளர் வரிசை வீடுகளுக்கு) இருட்டில் ஏறி வரும் பெண்ணைக் கேட்டுப் பாருங்கள். பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவைக் காட்டி, தோட்டத்துக்குள் செலவழிக்க முடியாது என்று கைவிரித்த காலம் 2018இல் வந்த திருத்தத்தோடு முடிந்துவிட்டது. அதே ஆண்டில் நுவரெலியா, அம்பகமுவ சபைகளும் பிரிந்து அக்கரப்பத்தனை, கொட்டகலை, நோர்வூட், மஸ்கெலியா என்று புதிய சபைகள் வந்தன. இன்னமும் யாராவது பழைய கதையைச் சொன்னால், பணிவாக, ஆனால் எழுத்தில், திருத்தத்தை ஞாபகப்படுத்துங்கள்.

மாகாணத்தைப் பற்றி ஒரு சொல். மத்திய மாகாண சபையின் காலம் 2018இலும் ஊவாவினது 2019இலும் முடிந்தன. இதை எழுதும் வரை தேர்தல் நடக்கவில்லை. எனவே மாகாண சபை உறுப்பினரைப் பிடித்து ஒதுக்கீடு கேட்கும் வழி இப்போதைக்கு இல்லை. திணைக்களப் பணிப்பாளருக்கு நேரடியாக எழுதுங்கள்.

சங்கத்தைக் காகிதத்தில் நிறுத்துவது

பதிவு இல்லாத சங்கத்துக்கு ஒரு கட்டுக் கொப்பி கொடுப்பதற்குக்கூட உத்தியோகத்தர் பயப்படுவார். நாளை கணக்காய்வில் "யாருக்குக் கொடுத்தாய்?" என்று கேட்பார்கள். ஏற்கெனவே டிவிஷனில் மரண ஆதாரச் சங்கம், கோயில் பரிபாலன சபை, மாதர் சங்கம், விளையாட்டுக் கழகம் என்று ஏதாவது ஒன்று பதிவோடு இருந்தால் அதன் கீழ் ஒரு உபகுழுவாகத் தொடங்குவதே மேல். புதிதாகத்தான் தொடங்க வேண்டுமென்றால், கிராம அபிவிருத்திச் சங்கமாகப் பிரதேச செயலகத்தில் பதிவது எளிய வழி. தன்னார்வ சமூக சேவை அமைப்பாகப் பதிவதற்கு 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. அது கொஞ்சம் நீண்ட வழி. வெளிநாட்டுக் காசு வாங்கும் யோசனை இருந்தால் மட்டும் அந்தப் பக்கம் போங்கள்.

எதுவானாலும் கேட்கப்போவது ஏறக்குறைய ஒன்றுதான்: யாப்பு, அங்குரார்ப்பணக் கூட்ட அறிக்கை, பதவியாளர் பட்டியல் அடையாள அட்டை இலக்கங்களோடு, கிராம உத்தியோகத்தரின் சிபாரிசு, வங்கிக் கணக்கு. கணக்கில் இரண்டு கையொப்பம் இருக்கட்டும். அதில் ஒருவர் பொருளாளர், மற்றவர் அவருடைய சொந்தக்காரர் அல்லாத ஒருவர். கூட்டறிக்கைப் புத்தகத்தை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் தாள் தாளாக எழுதாதீர்கள். கட்டிய புத்தகம், பக்க எண், ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் தலைவர், செயலாளர் கையொப்பம்.

யாப்பில் சங்கத்தின் நோக்கங்களில் "சிறுவர், பெண்கள் பாதுகாப்பு, போதைத் தடுப்பு, சட்ட விழிப்புணர்வு" என்று ஒரு வரி கட்டாயம் இருக்க வேண்டும். மரண ஆதாரச் சங்கத்தின் பழைய யாப்பில் அது இருக்காது. பொதுக்கூட்டத்தில் திருத்தம் நிறைவேற்றி அறிக்கையில் பதிந்துகொள்ளுங்கள்.

அப்புறம், எல்லோருக்கும் தெரிந்தும் யாரும் எழுதாத விடயம்: பதவியாளர்கள் அத்தனை பேரும் ஒரே தொழிற்சங்கத்து ஆட்களாக இருக்கக் கூடாது. இருந்தால் மற்றச் சங்கத்துத் தலைவர் வீட்டுப் பெண் அடி வாங்கினாலும் உங்களிடம் வரமாட்டாள். அடுத்த தேர்தலில் ஆள் மாறினால் உங்கள் கோவையும் (ஃபைலும்) அலுமாரிக்குள் போய்விடும்.

பிரச்சினை ஒன்று, அதற்கான ஆதாரம் கொஞ்சம்

"சமூகச் சீரழிவைத் தடுத்தல்" என்று எழுதினால் எந்த உத்தியோகத்தரின் ஒதுக்கீட்டிலும் அது பொருந்தாது. ஒன்றை எடுங்கள். இடைவிலகிய பிள்ளைகளா, வீட்டு வன்முறையா, போதையா, வழக்கில் சிக்கியவர்களுக்குச் சட்ட உதவியா? ஒன்றை எடுத்தவுடனேயே எந்த மேசைக்குப் போவது என்பதும் முடிவாகிவிடும்.

ஆதாரத்துக்குப் பெரிய ஆய்வெல்லாம் வேண்டாம். இடைவிலகல் என்றால் அதிபரிடம் வரவுப் பதிவேடு இருக்கும். வீட்டு வன்முறை என்றால் தோட்டத்து நலன்புரி உத்தியோகத்தருக்கும் குடும்பநல உத்தியோகத்தருக்கும் பிள்ளைக்காம்பரா (பிள்ளை பராமரிப்பு நிலைய) அம்மாவுக்கும் தெரியாதது ஒன்றுமில்லை. எண்ணிக்கையை மட்டும் கேளுங்கள். பெயர், லய இலக்கம், பிள்ளையின் வகுப்பு எதையும் எழுதி வைக்காதீர்கள், கோவையிலும் சேர்க்காதீர்கள். நம் டிவிஷன்கள் சின்னவை. "ஐந்தாம் லயத்தில் ஒரு பெண்" என்று எழுதினாலே ஆள் யாரென்று பிரட்டுக்களம் (காலையில் வேலைக்கு ஆள் கூடும் இடம்) முழுவதும் தெரிந்துவிடும்.

பொலிஸ் பொறுப்பதிகாரியைப் பார்த்து ஓர் ஆதரவுக் கடிதம் கேளுங்கள். சங்கங்களுக்குக் கொடுக்கப் பொலிஸிடம் காசு இருக்காது, ஆனால் அந்தக் கடிதத்துக்கு மதிப்பு உண்டு. சிறுவர் மகளிர் பணியகத்துக்குப் பொறுப்பான பெண் உத்தியோகத்தர் நிலையத்தில் இருந்தால் முதலில் அவரிடம் பேசுவதே நல்லது.

ஏதாவது ஓர் அலுவலகம் சென்ற ஆண்டு உங்கள் பிரதேசத்தில் இந்த விடயத்துக்கு எவ்வளவு செலவழித்தது, எந்த ஊர்களில் என்று தெரிய வேண்டுமா? 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி கேட்கலாம். ஒவ்வொரு அலுவலகத்திலும் தகவல் உத்தியோகத்தர் ஒருவர் இருக்க வேண்டும். காரணம் சொல்லத் தேவையில்லை. தகவலைக் கொடுப்பதா இல்லையா என்று 14 வேலை நாட்களுக்குள் அவர் முடிவு சொல்ல வேண்டும். ஆனால் இதை முதல் சந்திப்பிலேயே நீட்டாதீர்கள். உதவி கேட்டுப் போகும் இடத்தில் கதவைத் தட்டுவதற்கு முன் வழக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். வாயால் கேட்டுப் பாருங்கள், பலர் சொல்லிவிடுவார்கள்.

கடிதம்

இரண்டு பக்கத்துக்கு மேல் வேண்டாம். ஒரு மாதிரி தருகிறேன். எண்கள் உதாரணத்துக்கு மட்டும்.

"பிரதேச செயலாளர் அவர்கள்,
ஊடாக: கிராம உத்தியோகத்தர்.

ஐயா / அம்மணி,

மேல் டிவிஷனில் இலவச சட்ட ஆலோசனை முகாம் நடத்துதல்

எமது டிவிஷனில் 140 குடும்பங்கள் வசிக்கின்றன. அருகிலுள்ள நீதிமன்றத்துக்குப் போய்வர ஒரு நாள் வேலை இழக்க நேர்கிறது. வீட்டு வன்முறை, பராமரிப்புச் செலவு, பிறப்புச் சான்றிதழ் தொடர்பாகச் சட்ட ஆலோசனை தேவைப்படுவோர் ஏறக்குறைய 35 பேர் என எமது சங்கம் அறிந்துள்ளது. இவர்களுக்காக மே மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை 9 முதல் பிற்பகல் 1 மணி வரை கோயில் மண்டபத்தில் முகாம் நடத்த விரும்புகிறோம். மண்டபம், கதிரைகள், தேநீர், அறிவித்தல் ஆகியவற்றைச் சங்கம் பொறுப்பேற்கும். தங்கள் அலுவலகத்தின் மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரின் பங்களிப்பையும், வளவாளர் போக்குவரத்துக்கும் மதிய உணவுக்கும் ஒதுக்கீட்டையும் வேண்டுகிறோம். சட்ட உதவி ஆணைக்குழுவின் நிலையத்துக்கும் இதன் பிரதியை அனுப்பியுள்ளோம்."

இதில் கவனிக்க வேண்டியது மூன்று. சங்கம் தன் பங்கை முதலில் சொல்கிறது. கேட்பதைப் பெயர் சொல்லிக் கேட்கிறது. "தங்களால் இயன்ற உதவி" என்று எழுதினால் இயன்றது வாழ்த்துரை மட்டும்தான். மூன்றாவது, பிறப்புச் சான்றிதழ். வீட்டு வன்முறைக்கு ஆலோசனை என்று மட்டும் அறிவித்தால் ஒரு பெண்ணும் வெளிப்படையாக வரமாட்டாள். பத்திரப் பிரச்சினைக்கு என்றால் எல்லோரும் வருவார்கள். வந்தவள் சட்டத்தரணியிடம் தனியாக எதைக் கேட்கிறாள் என்பது அவள் பாடு. 2005ஆம் ஆண்டின் வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவானிடம் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்பது பல பேருக்கு அந்த மேசையில்தான் முதலில் தெரியவரும்.

ஞாயிற்றுக்கிழமை என்று போட்டதற்கும் காரணம் உண்டு. அலுவலகம் மாலை 4.15க்கு முடிகிறது. நம் பெண்கள் கடைசிக் கொழுந்தை நிறுத்துவிட்டு லயத்துக்கு வருவதற்குள் அந்த நேரம் போய்விடும். வார நாளில் வைத்தால் வேலையில்லாத நாலு பேரும் பென்சன்காரரும்தான் வருவார்கள். உத்தியோகத்தர் ஞாயிற்றுக்கிழமை வர முன்கூட்டியே அனுமதி எடுக்க வேண்டியிருக்கும். அதனால் திகதியைக் குறைந்தது ஒரு மாதத்துக்கு முன் முடிவு செய்யுங்கள். அட்வான்ஸ் (சம்பள முற்பணம்) கொடுக்கும் நாள், தீபாவளி, கோயில் திருவிழா நாட்களை ஒதுக்கிவிடுங்கள்.

மொழி விடயம். 1999இல் நுவரெலியா, பதுளை மாவட்டங்களில் 12 பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாகப் பிரகடனப்படுத்தப்பட்டன. அதற்கு வெளியேயும் தமிழில் எழுதித் தமிழில் பதில் பெறும் உரிமை அரசியலமைப்பில் இருக்கிறது. எனவே தமிழிலேயே எழுதுங்கள். ஆனால் அரைப் பக்கச் சிங்களச் சுருக்கம் ஒன்றைக் கூடவே இணைத்துவிடுங்கள். உரிமை ஒரு பக்கம் இருக்கட்டும். கணக்காளரின் எழுதுவினைஞர் படித்து விளங்காத கடிதம் மொழிபெயர்ப்புக்கென்று ஒரு மூலைக்குப் போய், திரும்பி வரும்போது மே மாதம் முடிந்திருக்கும்.

தோட்ட நிர்வாகத்துக்கும் ஒரு பிரதி கொடுங்கள். 1992இல் தோட்டங்கள் கம்பனிகளுக்குக் குத்தகைக்குப் போனாலும் நிலம் அரசாங்கத்தினது. நடைமுறையில் தொரையின் (தோட்ட மானேஜரின்) சம்மதம் இல்லாமல் ஒரு கம்பம் நட முடியாது. அதனால்தான் புதியவர்கள் கட்டடம் கேட்கவே கூடாது என்று சொல்வேன். நிலம், அனுமதி, குத்தகை என்று இழுத்துக்கொண்டு போகும். முதல் ஆண்டு வீணாகும். ஆள் வந்து பேசிவிட்டுப் போகும் வேலையைக் கேளுங்கள்.

செலவுத் திட்டம்

மேலே சொன்ன முகாமுக்கு ஒரு தாளில் நான்கு நிரல் போடுங்கள்: பொருள், எண்ணிக்கை, ஒன்றின் விலை, யார் தருவது. தேநீரும் பணிஸும் 60 பேருக்கு, சங்கம். மதிய உணவு வளவாளருக்கும் உத்தியோகத்தருக்கும் தொண்டர்களுக்குமாக 12 பேருக்கு, பிரதேச செயலகம். வேன் ஒன்று, டவுனிலிருந்து போய்வர, பிரதேச செயலகம். துண்டுப் பிரசுரம் 150, போட்டோகொப்பி விலையில். ஒலிபெருக்கி கோயிலுடையது, வாடகை இல்லை.

"இதர செலவுகள்" என்ற வரி வேண்டாம். கணக்காளர் முதலில் வெட்டுவது அதைத்தான், வெட்டிய பிறகு மற்ற வரிகளையும் சந்தேகத்தோடு பார்ப்பார். சமைக்கவிருப்பது பக்கத்து வீட்டு அக்காவாக இருந்தால், அவர் பில் கொடுக்க முடியுமா என்று இப்போதே கேளுங்கள். பில் இல்லாத சாப்பாட்டுக்கு அரசாங்கம் காசு கொடுக்காது. உத்தியோகத்தர் முற்பணம் எடுத்துச் செலவழித்தால் அதைப் பில்லோடு உடனே தீர்க்க வேண்டியது அவர் தலையில்தான் விழும். ஒருமுறை உங்களால் அவர் மாட்டிக்கொண்டால் அடுத்த முறை உங்கள் தொலைபேசியை எடுக்கமாட்டார்.

எப்போது கேட்பது

அரசாங்கத்தின் நிதியாண்டு ஜனவரி முதல் டிசம்பர் வரை. வரவு செலவுத் திட்டம் வழக்கமாக நவம்பரில் பாராளுமன்றத்துக்கு வரும், ஆனால் திணைக்களங்கள் தங்கள் தேவைகளை ஆண்டின் நடுப்பகுதியிலேயே மேலே அனுப்பத் தொடங்கிவிடும். இதிலிருந்து உங்களுக்கு இரண்டு வாய்ப்புகள். ஒன்று, மே, ஜூன் வாக்கில் அடுத்த ஆண்டுக்கான வேண்டுகோளைக் கொடுத்துவைப்பது. பிரதேச ஒருங்கிணைப்புக் குழுவின் அறிக்கையில் அது ஒரு வரியாக ஏறிவிட்டால் நல்லது. அந்தக் குழுவுக்கு வரும் பிரதேச சபை மெம்பர் ஒருவரிடம் முன்கூட்டிப் பேசுங்கள். 2025 மே மாதத் தேர்தலுக்குப் பிறகு சபைகளில் புதிய முகங்கள் பலர் இருக்கிறார்கள், கேட்டால் பேசுவார்கள்.

இரண்டாவது வாய்ப்பு செப்டம்பர் முதல் நவம்பர் வரை. வேறெங்கோ நடக்கவேண்டிய நிகழ்ச்சி மழையால், மண்சரிவால், ஆள் இல்லாமல் நின்றுபோயிருக்கும். ஆண்டு முடிவதற்குள் செலவழிக்காத காசு திரும்பிப் போகும். "இரண்டு வாரத்தில் நடத்த முடியுமா?" என்று உத்தியோகத்தர் கேட்பார். கோவை தயாராக உள்ள சங்கம் முடியும் என்று சொல்லும். நான் பார்த்த வரையில் புதிய சங்கங்களுக்கு முதல் உதவி கிடைத்தது பெரும்பாலும் இந்தக் கதவால்தான். டிசம்பருக்குத் தள்ளாதீர்கள்; கணக்குக் கிளைகள் பில் வாங்குவதை முன்னரே நிறுத்திவிடும்.

எம்.பி.க்களுக்குப் பன்முகப்படுத்தப்பட்ட நிதி (தங்கள் பகுதிக்குச் செலவழிக்கும் ஒதுக்கீடு) கிடைக்கும் ஆண்டுகளில் கதிரை, ஒலிபெருக்கி, விளையாட்டுச் சாமான் போன்றவற்றைப் பதிவுள்ள சங்கத்துக்குக் கேட்கலாம். அதை நீதித் திட்டத்தோடு குழப்ப வேண்டாம். கதிரையின் முதுகில் பெயர் எழுதி வரும் காசு அது.

கொழும்பிலுள்ள கனடா, அவுஸ்திரேலிய உயர்ஸ்தானிகராலயங்களும் சிறிய உள்ளூர்த் திட்டங்களுக்கு விண்ணப்பம் கோருவதுண்டு. ஆங்கிலத்தில் எழுத வேண்டும், கணக்கு வரலாறு கேட்பார்கள். இரண்டு மூன்று அரசாங்க நிகழ்ச்சிகளை நடத்தி அறிக்கை கையில் இருக்கும்போது யோசிக்கலாம்.

அலைச்சலைக் குறைக்க

பொதுமக்கள் சந்திப்பு நாள் எதுவென்று கேட்டறிந்து அன்று போங்கள். கடிதத்தைக் கையில் கொடுத்தால் உங்கள் பிரதியில் திகதியோடு முத்திரை வாங்குங்கள். அஞ்சலில் என்றால் பதிவுத் தபால். பதில் வராவிட்டால் மூன்று வாரத்துக்குப் பிறகு முதல் கடிதத்தின் திகதியைக் குறிப்பிட்டு ஒரு நினைவூட்டல். கோபம் வேண்டாம், "தங்கள் வேலைப்பளுவை அறிவோம்" என்ற பசப்பும் வேண்டாம்.

ஒரே ஆள் மட்டும் போய்வராதீர்கள். அவர் கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டால் எந்த மெடத்திடம் என்ன பேசினார் என்று யாருக்கும் தெரியாது. எப்போதும் இருவர் போங்கள், ஒருவர் பெண்ணாக இருந்தால் இன்னும் நல்லது.

கசிப்புக் காய்ச்சுகிறவரிடமோ, தவறணைக்காரரிடமோ, வழக்கு நடந்துகொண்டிருப்பவரிடமோ நன்கொடை வாங்காதீர்கள். தேநீர்ச் செலவுக்குத்தானே என்று தோன்றும். அடுத்த வாரம் அவர் வீட்டுப் பிரச்சினை உங்கள் கூட்டத்துக்கு வரும்.

நிகழ்ச்சி முடிந்த பிறகு

வரவு இடாப்பில் பெயர், கையொப்பம் வாங்க வேண்டியிருக்கும். உத்தியோகத்தருக்கு அது கட்டாயம். ஆனால் தனியாகச் சட்டத்தரணியைப் பார்த்தவர்களின் பட்டியலைச் சங்கம் வைத்துக்கொள்ளக் கூடாது. படம் எடுக்கும்போது மேடையையும் மண்டபத்தின் பின்பக்கத்திலிருந்து கூட்டத்தையும் எடுங்கள். ஆலோசனை மேசையில் உட்கார்ந்திருக்கும் பெண்ணின் முகத்தை எடுத்து முகநூலில் போடுவதைப் போன்ற கொடுமை வேறில்லை. பிள்ளைகள் விடயத்தில் இன்னும் கறாராக இருங்கள்.

ஒரு வாரத்துக்குள் ஒரு பக்க அறிக்கை: எப்போது, எங்கே, எத்தனை பேர், என்ன வகைப் பிரச்சினைகள், எத்தனை பேர் அடுத்த கட்டத்துக்கு அனுப்பப்பட்டார்கள், சங்கத்தின் செலவு, அலுவலகத்தின் செலவு. கூடவே பில்கள், இரண்டு படங்கள். பிரதிகள் பிரதேச செயலாளருக்கும் உதவிய ஒவ்வொரு திணைக்களத்துக்கும் கிராம உத்தியோகத்தருக்கும் தோட்ட நிர்வாகத்துக்கும். உத்தியோகத்தர் தன் மாத அறிக்கைக்கு இதிலிருந்தே எடுத்து எழுதுவார். அவர் வேலையில் பாதியைக் குறைத்த சங்கம் என்று உங்கள் பெயர் அவர் மனதில் நிற்கும்.

அந்த அறிக்கையின் கடைசிப் பந்தியில் அடுத்த வேண்டுகோளையும் எழுதிவிடுங்கள். முகாமில் பராமரிப்புச் செலவுப் பிரச்சினைதான் அதிகம் வந்ததென்றால் அதற்கு மட்டும் தொடர் ஆலோசனை. இடைவிலகிய பிள்ளைகள் பற்றி அதிகம் பேசப்பட்டிருந்தால் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரோடு கிராமிய சிறுவர் அபிவிருத்திக் குழு ஒன்றை டிவிஷனில் அமைப்பது. அறிக்கையைக் கையில் கொடுக்கப் போகும்போதே அவருடைய நாட்குறிப்பில் அடுத்த திகதியைக் குறித்துக்கொண்டு வாருங்கள்.